பெயின்ட் டப்பாவில் டமகசே

வெள்ளை அங்கி எனக்கு.
கீழ்த்தளத்து மருந்துக்கடையில்
காலை எட்டு முதல் இரவு எட்டு வரை
பட்டையிலிருந்து மாத்திரை நறுக்கிக் கொடுக்கிறேன்.
"சாப்பிட்டபின் ஒன்று. பாதியில் நிறுத்தக்கூடாது."
அடிஸ் அபாபாவின் இந்த மூலையில்
என் சொல்லுக்கு மதிப்பு உண்டு,
நான்காம் மாடியைத் தவிர.

நான்காம் மாடியில் வுப்ஷெட்,
மினிபஸ் ஓட்டுகிறவன், என் கணவன்,
பால்கனியில் பெயின்ட் டப்பா வைத்து
டமகசே வளர்க்கிறான்.
டப்பா விளிம்பில் இன்னும் நீலம் ஒட்டியிருக்கிறது.
பக்கத்தில் எண்ணெய் டின்னில் டேனா ஆதாம்.
ஆதாமின் நலம் என்று பொருளாம்.
ஆதாமுக்கு அப்படி என்ன வியாதி என்று கேட்டேன்.
"கல்யாணம்" என்றான்.

வெயிலில் அலைந்துவிட்டு வந்து
அப்படியே படுத்தால் மிச் அடிக்கும்,
தலை இடிக்கும், உதட்டோரம் கொப்புளிக்கும்:
இது அவன் பாடம்.
உதட்டுக் கொப்புளத்துக்கு
என் பாடத்தில் வைரஸ் என்று பெயர்.

மாடிப்படி முழுக்க அவனுக்கு நோயாளிகள்.
அஸ்னகெச், அவள் மாமியார்,
கட்டைவிரலில் எப்போதும் கட்டுப் போட்ட தச்சர்.
என் கடையில் கடன் சொல்கிறவர்கள்
அவன் செடியிடம் சொல்வதில்லை,
கிள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள்.
மழைக்காலம் பாதி போவதற்குள்
செடி மொட்டைத்தலையோடு நிற்கும்.
அவனுக்கு அதில் பெருமை வேறு.

ஹம்லே மாதம். மின்சாரம் இல்லை.
மெக்லிட்டின் உடம்பு
இறக்கி வைத்த காப்பி ஜாடி போலக் கொதித்தது.
தெர்மாமீட்டரில் முப்பத்தொன்பது தாண்டியது.
செல்போன் வெளிச்சத்தில்
எடைக்கணக்குப் போட்டு சிரப் அளந்தேன்.
அவன் இலை கசக்கினான்,
பச்சைச் சாறு நெற்றியில்.
துடைத்தேன்.
மறுபடி பூசினான்.
மூன்று வயது உடம்புக்குள்
இரண்டு பேர் மருந்தும்
முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

மூன்று மணி. சூடு இறங்கவில்லை.
ஒவ்வொரு மூச்சுக்கும் விலா இடுக்கு
உள்ளே குழிந்தது.
அடுத்த டோஸ் வரை பார்க்கலாம் என்றேன்,
எனக்குத் தெரியாதா என்றேன்.
திரும்பினால் அவன் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறான்.
"இலை தன்னால் ஆனதைச் செய்துவிட்டது.
நீயும்தான்.
எழுந்திரு."

தாமதிக்கிறவர்கள்
கைவைத்தியக்காரர்கள் என்றுதான்
கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வந்தேன்.
ஆணியில் தொங்கிய அங்கி
இருட்டிலும் வெள்ளையாகத் தெரிந்தது.

பன்னிரண்டு இருக்கையும் காலி.
ஊர் பெயர் கூவ உதவியாள் இல்லை.
எந்த நிறுத்தத்திலும் நிற்காமல்
அந்த வண்டி ஓடியது அன்றுதான்.
பின்சீட்டில் நான்
அவள் மூச்சை எண்ணிக்கொண்டு வந்தேன்,
அறுபதுக்கு மேல் எண்ணப் பிடிக்காமல்
மறுபடி ஒன்றிலிருந்து.

நிமோனியா என்றார்கள்.
மூக்கில் குழாய், புறங்கையில் ஊசி.
"சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள்"
என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்,
அவருடைய மொழியில் பதில் சொன்னது நான் என்பதால்.
அப்போது நான் திருத்தவில்லை.
இப்போது திருத்துகிறேன்:
எழுப்பியது அவன்.

விடிகிற நேரம்
குழாயைச் சரிபார்க்க வந்த நர்ஸ்
கட்டிலருகே நின்று காற்றை மோந்தாள்.
"யாரிடம் டமகசே?"
வுப்ஷெட் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டான்,
திருடன் மாதிரி.
திட்டப்போகிறாள் என்று
நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் நடைகூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.
"இரண்டு இலை இருக்குமா?
நேற்று இரண்டு மழைக்கு நடுவே அடித்த வெயிலில்
நடந்து வந்தேன். தலை பிளக்கிறது."

கொடுத்தான்.
வாங்கி, விரலால் நசுக்கி,
ஒருதரம் ஆழ இழுத்துவிட்டு
மிச்சத்தை அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.
அதுவும் வெள்ளை அங்கிதான்.